ரெண்டும் கூம்புதானே

எந்தப் பொருளைக் கொண்டுவந்து கண்முன் வைத்தாலும், அதைப் போலவே ஒன்று தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி அதைச் சின்னதாக்கிவிடுகிற ஒரு மனித இனம் உண்டு. இந்த இனத்துக்கு 'ஒண்ணுதான்காரர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதைவிட நல்ல பெயர் உங்களிடம் இருக்கலாம். அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். "அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்பார்.

அடையாளம் காண்பது சுலபம். முதல்முறை விமானத்தில் போய்வந்து, மேகத்துக்கு மேலே வெயில் அடித்த அதிசயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "பஸ்ஸுல கடைசி சீட்டு மாதிரின்னு சொல்லுங்க" என்கிறார். முடிந்தது உங்கள் விமானம். மூன்று மணி நேரம் மயக்கத்தில் கிடந்து வயிற்றில் பதினோரு தையலோடு வீடு திரும்பியிருக்கிறீர்கள்; பார்க்க வந்தவர் பிஸ்கெட்டைத் தேநீரில் நனைத்தபடி, "நம்ம ஸ்கூட்டருக்குக்கூட போன மாசம் என்ஜினை இறக்கித்தான் மாட்டினாங்க, அதே வேலைதான்" என்கிறார். போட்ட தையலுக்கே வெட்கமாகிவிடுகிறது.

பொய் சொல்கிறார் என்று அடித்துச் சொல்ல முடிந்தால் நிம்மதியாக இருக்கும். முடியாது. அவர் சொல்வதில் பாதி எப்போதும் உண்மை. மற்ற பாதி 'ஆனா' என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இவரோ எந்த வாக்கியத்திலும் 'ஆனா' வந்ததும், தன் நிறுத்தம் வந்துவிட்டதுபோல இறங்கிப் போய்விடுகிறவர். வண்டி இன்னும் எவ்வளவு தூரம் போகிறது, கடைசியில் எந்த ஊரில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? இறங்கிய இடம்தான் ஊர்.

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவரை அருகில் போய்ப் பார்க்கலாம், வாருங்கள். கடிக்க மாட்டார்.

இவர் ஒலிபெருக்கிக்காரர். முப்பத்தெட்டு வருஷமாக ஏரிக்கரை ஊரில் பொதுக்கூட்டம், பள்ளி விளையாட்டுப் போட்டி, காணாமல் போன பசுவுக்கான அறிவிப்பு, எதற்கானாலும் கம்பத்தில் ஏறிக் கூம்பு மாட்டுவது அவர்தான். மாட்டினால் மாட்டியதுதான். ஒருமுறை பெருங்காற்று வந்து பந்தலைத் தூக்கிற்று, மேடையைத் தூக்கிற்று, பேசிக்கொண்டிருந்த தலைவரையும் இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் ஒரு மாட்டுக்கொட்டகையில் இறக்கிற்று. இவர் மாட்டிய கூம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மைக் தலைவர் கையில், கம்பி கம்பத்தில். ஆகவே மீதிப் பேச்சும் தடையில்லாமல் கேட்டதாம். நடுநடுவே மாடு கத்தியதற்குத்தான் அன்றைக்குக் கைதட்டல் அதிகம் என்பார்கள்.

இந்தப் பிடிமானத்துக்குத் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. ஸ்பேனரின் வாலில் ஒரு முழ நீள இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் தன் முழு எடையையும் போட்டு நட்டை இறுக்குவார். பிறகு, போல்ட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதைச் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டி மரையை நசுக்கிவிடுவார். அப்புறம் காற்றாலும் முடியாது, திருடனாலும் முடியாது, அவராலும் முடியாது. ரம்பம் வைத்து அறுத்தால்தான் உண்டு.

அவருடைய மனைவி தையற்காரி. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அதனால் குறைவாகத்தான் பேசுவார், பேசினால் அந்தக் குண்டூசிகளும் சேர்ந்து வரும். மகன் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறவன். பற்களுக்கும் பியானோக் கட்டைகளுக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி அப்பா ஒருமுறை ஒன்றரை மணி நேரம் பேசியதிலிருந்து, வீட்டில் 'ம்' தவிர வேறு எழுத்தே உபயோகிப்பதில்லை.

மீதி இருப்பது மருமகள். அவள் வானலைப் பொறியாளர். ஏரிக்கு நடுவில் கிடக்கிற தீவில் ஒரு சின்ன மருத்துவமனை, அதில் ஒரு நர்ஸம்மா, கைபேசி எடுக்காது, படகு காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. பிரசவ வலி படகு நேரம் பார்த்தா வரும்? கரையில் இருக்கிற பெரிய மருத்துவமனை டாக்டரோடு நர்ஸம்மா எந்நேரமும் பேச வானலை இணைப்பு ஒன்று வேண்டும் என்று முடிவானபோது, "வெளியிலிருந்து எதுவும் வாங்க வேண்டாம், ஆன்டெனாவை நம்ம பட்டறையிலேயே நான் செய்து தர்றேன்" என்று அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். எட்டு மாதம் ஆயிற்று. அவளுடைய மேலதிகாரிக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். பதினோரு மணி என்றால் பத்து ஐம்பத்தொன்பதுக்குச் செருமிவிட்டுப் பதினொன்றுக்கு உள்ளே நுழைகிறவர். அவர் சொல்லியிருந்தார்: "வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் கரை ஆஸ்பத்திரி மொட்டை மாடிக்கு வருவேன். தீவுல பேசறது என் காதுல விழணும். விழலைன்னா வெளியில வாங்கிக்கலாம். நீங்க பழையபடி கோப்பு மேஜைக்குப் போயிடுங்க."

கோப்பு மேஜை என்றால், மற்றவர்கள் செய்த பொருள்களுக்கு எண் ஒட்டுகிற மேஜை. அவள் அங்கே நான்கு வருஷம் உட்கார்ந்தவள். அதன் இழுப்பறை மூடும் சத்தம் இன்னும் கனவில் வருகிறது என்று மாமியாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அப்படிச் செய்த இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்றை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பித்தளைத் தகடு. பின்னால் தீப்பெட்டி வாயளவுக்கு ஒரு தொண்டை. அங்கிருந்து நாலு பக்கமும் விரிந்து விரிந்து முன்னால் நோட்டுப் புத்தகம் அளவுக்கு நீள்சதுர வாய்.

ஒலிபெருக்கிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறந்த குழந்தையில் தன் மூக்கைத் தேடுகிற தாத்தாக்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. கண்டுபிடித்தும் விட்டார்.

"அடடே, இது நம்ம கூம்பு."

"ஆமா மாமா, இதுவும் கூம்புதான்."

இதைச் சொன்னதுதான் அவள் செய்த தவறு. அந்த இனத்திடம் 'ஆமா' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லக் கூடாது.

"பார்த்தியா," என்று மனைவி பக்கம் திரும்பினார். "முப்பத்தெட்டு வருஷமா நான் மாட்டறதைத்தான் இவ இப்ப செஞ்சிருக்கா. சின்னத் தொண்டை, பெரிய வாய். ஏன் அப்படி? சத்தம் சின்ன ஓட்டையிலிருந்து சட்டுனு வெளியில வந்து விழுந்தா, வெளிக்காத்து அதை மதிக்காது; பாதி திரும்பித் தொண்டைக்குள்ளயே போயிடும். கொஞ்சம் கொஞ்சமா விரிச்சு, நைசாக் கொண்டுபோய் வெளியில விடணும். இதுலயும் அதானேம்மா?"

"அதேதான் மாமா. அலையும் திடீர்னு வெளிய வந்தா திரும்பிடும். அதோட இந்த ரேடியோ அலையோட நீளமும், உங்க கூம்புல வர்ற கீச்சுச் சத்தத்தோட நீளமும் ஏறக்குறைய ஒண்ணு, ரெண்டு விரல் அகலம். அதனாலதான் அளவுகூட ஒண்ணு மாதிரி இருக்கு. ஆனா..."

"அளவுகூட ஒண்ணு," என்றார் அவர், நிறுத்தத்தில் இறங்கி நின்றுகொண்டு. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஒரே மருமகள், அவள் செய்கிற வேலையும் தன் வேலையும் ஒன்று. இதைவிடப் பெரிய உறவு என்ன இருக்கிறது?

"ஆனா, மாமா, கேளுங்க. உங்களது காத்தைத் தள்ளிக்கிட்டுப் போகும், முன்னும் பின்னுமா. தகரமோ, மரமோ, காகிதக் கூழோ, எதுல செஞ்சாலும் பேசும். இது உலோகமா இருந்தாத்தான் ஆகும். உங்க கூம்புல தடிச்ச குரலும் போகணும், கீச்சுக் குரலும் போகணும். இதுக்கு ஒரே ஒரு சுருதி போதும். எல்லாத்துக்கும் மேல, இந்த அலை குறுக்க ஆடற அலை. ஆடறதுக்கு ஒரு திசை இருக்கு. அதனால..."

"தகரத்துக்குப் பதிலா பித்தளை. அவ்வளவுதானே? நம்ம காலத்துலகூட வசதியானவங்க பித்தளை வெச்சிருந்தாங்க."

தையல் இயந்திரம் நின்றது. "ரெண்டு கையும் ஒண்ணுதானேன்னு," என்றார் மனைவி, குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து, "உங்க சட்டையில இடது கையை வலது பக்கம் வெச்சுத் தெச்சுத் தர்றேன். போட்டுக்கிட்டு நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போயிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

"சட்டை வேற, கூம்பு வேற," என்றார் அவர். தன் வாயிலிருந்தே 'வேற' என்ற சொல் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

மகன் "ம்" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது நீங்கள் கேட்கலாம்: இப்படிப்பட்டவரை எதற்காக மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்? வேறு வழியில்லை. தீவிலிருந்த கூம்பை அவளே போன வாரம் மாட்டி, நர்ஸம்மாவுக்கும் எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கரைப்பக்கத்துக் கூம்பை மாட்ட வேண்டிய ஆளுக்குப் புதன்கிழமை காலை கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. உயரத்தில் ஏறிக் கம்பத்தில் ஒரு பொருளை ஆடாமல் அசையாமல் நிறுத்துவதில் அந்த ஊரில் மாமனாருக்கு நிகர் மாமனார்தான். அதை அவளும் அறிவாள். ஆகவே ஒரு நிபந்தனையோடு கேட்டாள்.

"நான் சொல்ற மாதிரி மட்டும் மாட்டணும் மாமா. சொந்த யோசனை வேண்டாம்."

"எனக்கு எதுக்கும்மா யோசனை? தெரிஞ்ச வேலைதானே."

ஏணி, கம்பம், சாமான்பை எல்லாவற்றோடும் தன் பழைய வேனை ஓட்டிக்கொண்டு போய் மருத்துவமனை வாசலில் நிறுத்தினார். வேனின் முதுகில் அவருடைய பெரிய கூம்பு, மாட்டியபடியே இருந்தது. அதை வீட்டில் விட்டுவிட்டு வரலாமே என்று அவள் கேட்டதற்கு, "அதுவும் வந்து தம்பியைப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

புதன் மதியம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அவள் சொன்னபடியே பித்தளைக் கூம்பை வளையத்தில் பொருத்தி, வாய் தீவைப் பார்க்க, நோட்டுப் புத்தகத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி நெட்டுக்குத்தாக நிறுத்தினார். கூம்போடு கம்பியால் இணைத்த பேசும் பெட்டியில் நர்ஸம்மாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது. "நல்லாக் கேக்குது. உங்க பின்னால யாரோ இருமறாங்களே, அவங்களை டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றது.

மருமகளின் கண் ஈரமாகிவிட்டது. பெட்டியை அணைத்து வைத்தாள். நட்டுகளை மட்டும் நன்றாக இறுக்கிவிட்டு வரும்படி மாமனாரிடம் சொல்லிவிட்டு, மேலதிகாரிக்குத் தகவல் சொல்லக் கீழே ஓடினாள்.

இந்த இனத்தைக் கூம்போடு தனியே விட்டுவிட்டுப் போகலாமா? நீங்களே சொல்லுங்கள்.

அவர் நட்டை இறுக்கக் கையை வைத்தார். கூம்பைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். மறுபடி கூம்பைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷத் தொழில் உள்ளேயிருந்து இருமிற்று. நீள்சதுர வாயை இப்படியா நிறுத்துவார்கள்? நெட்டுக்குத்தாக நின்றால் சத்தத்தில் பாதி வானத்துக்குப் போகும், பாதி தரைக்குப் போகும். வானத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? ஏரி அகலம், தீவு அகலம், வாயும் அகலவாட்டில் படுத்திருந்தால்தானே கூட்டம் முழுவதும் கேட்கும்? பாவம், படித்த பெண். படித்தவர்களுக்கு இதெல்லாம் கம்பத்தில் ஏறிப் பழகினால்தான் வரும்.

வளையத்தைத் தளர்த்தினார். கூம்பைக் கால் வட்டம் திருப்பிப் படுக்க வைத்தார். பார்ப்பதற்கே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகி, முழு எடையையும் போட்டு இறுக்கி, சுத்தியலால் நான்கு தட்டு. மருமகளுக்காக என்று பிரியமாக ஐந்தாவதும் ஒன்று தட்டினார்.

அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. நாளைக்கு மேலதிகாரி, "பிரமாதமாக் கேக்குதே, என்ன செஞ்சீங்க?" என்று கேட்கும்போது, அவள் திகைத்து நிற்கும்போது, ஓரமாக நின்று மெதுவாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார். பரிசுகளை முன்கூட்டியே பிரித்துக் காட்டுவார்களா?

வியாழன் காலை பத்து மணிக்கு அவள் பெட்டியைத் திறந்தாள். 'உஸ்' என்றது.

"ஹலோ, நர்ஸம்மா, கேக்குதா?"

உஸ்.

பெட்டியை அணைத்துத் திறந்தாள். கம்பியை மாற்றினாள். மின்கலத்தை அளந்தாள். எல்லாம் சரி. உஸ்.

ஒலிபெருக்கிக்காரர் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பதற்றமே இல்லை. இந்த நோய்க்கெல்லாம் அவரிடம் மருந்து உண்டு.

"தொண்டையில குளவி கூடு கட்டியிருக்கும்மா. நம்ம கூம்புல மாசம் ஒரு தடவை எடுப்பேன்."

"ஒரே ராத்திரியில குளவி வராது மாமா."

"சுறுசுறுப்பான குளவின்னா வரும். சரி, உள்ள பனி இறங்கியிருக்கும். ஒரு துணியைச் சுத்தி விட்டு எடுக்கட்டுமா?"

"வேண்டாம் மாமா."

"அப்ப தோள்ல ஒரு தட்டுத் தட்டு. சில கூம்பு முதல் தட்டுல பேசாது, கோவிச்சுக்கும், ரெண்டாவது தட்டுல..."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குப் பழக்கம்தான், மனைவி இருக்கிறார். இது தணிந்திருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றவள், ஆள்காட்டி விரலால் சுவரில் எதையோ ஒட்டுவதுபோல ஒட்டி ஒட்டி எடுத்தாள். எண் ஒட்டுகிற விரல். அதைப் பார்த்ததும் அவருடைய வாய் தானாக மூடிக்கொண்டது. வீட்டில் தன் தொழிலுக்கு முதல் சொந்தக்காரி என்று அவர் நினைத்த பெண் அவள்.

பத்து இருபத்தைந்து. அவள் திரும்பினாள். முதல்முறையாகக் கம்பத்தை மேலே அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, நேத்து நான் கீழ போனப்ப எதையாவது தொட்டீங்களா?"

"தொடலம்மா," என்றார். "சரி பண்ணேன்."

இந்த இடத்தில் அவளுடைய முகத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல துணியில் கத்தரிக்கோல் தப்பிப் போகும்போது தையற்காரியின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என்று சொன்னால், ஒப்புமை சொல்கிற குற்றம் இங்கேயும் ஒட்டிக்கொள்ளும்.

"மாமா, அன்னிக்குச் சாப்பாட்டு மேஜையில சொல்ல வந்தேன். இந்த அலை ஆடறதுக்கு ஒரு திசை இருக்குன்னு. அங்க இருக்கற கூம்பு நிக்குது. நின்னா ஒரு திசையில ஆடற அலையைத்தான் அது எடுக்கும். இங்க இருக்கறது படுத்திருக்கு. படுத்தா அலை வேற திசையில ஆடிக்கிட்டுப் போகும். உங்க கூம்பை எப்படிப் புரட்டினாலும் கேக்கறவன் காதுக்குச் சத்தம் சத்தம்தான். இதுல ஒண்ணு நின்னு ஒண்ணு படுத்தா, எதிர்ல உக்காந்திருந்தாலும் ஒருத்தரை ஒருத்தர் தெரியவே தெரியாது."

"அப்ப திருப்பிடறேன்," என்று ஏணியில் கால் வைத்தவர், அப்படியே நின்றார். சுத்தியல். நான்கு தட்டு. பிரியமாக ஒன்று.

"என்ன மாமா?"

"முனையை நசுக்கிட்டேன்."

"அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"வேற எவனாவது மாட்டினதுன்னா பத்து நிமிஷம்," என்றார் அவர், தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வேலைத்திறமைக்காக வெட்கப்பட்டு. "நான் மாட்டினது. ஒரு மணி நேரம். அப்புறம் வளையம் உதவாது, புதுசு வேணும்."

பத்து முப்பத்தைந்து.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அங்க இருக்கறதை நான்தான் மாட்டினேன். கையாலதான் இறுக்கினேன், நர்ஸம்மாவே திருப்பிடலாம். அதையும் படுக்க வெச்சுட்டா போதும். ரெண்டும் ஒண்ணா இருந்தா போதும்..."

அவருடைய காது நிமிர்ந்தது. ரெண்டும் ஒண்ணா. அதைத்தானே அவர் இத்தனை காலமாக... வாய் திறந்தேவிட்டது. ஆனால் சுவரில் எண் ஒட்டிக்கொண்டிருந்த அந்த விரல் ஞாபகத்துக்கு வந்தது. அறுபத்து மூன்று வருஷ ஆயுளில் அன்றைக்குத்தான் அவர் நிறுத்தத்தில் இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஆனா," என்றாள் அவள், "அதை அவங்ககிட்ட யார் போய்ச் சொல்றது? படகு மத்தியானம்தான். போன் எடுக்காது. பெட்டியும் பேசாது. ஒன்றரை கிலோமீட்டர் தண்ணி."

ஓ, 'ஆனா'வுக்கு அந்தப் பக்கம் இவ்வளவு இருக்கிறதா என்று அவருக்கு ஆச்சரியமாகப் போயிற்று. கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தார். வாசலில் வேன். வேனின் முதுகில், தம்பியைப் பார்க்க வந்த அண்ணன், ஏரியைப் பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றிருந்தான்.

அப்புறம் நடந்ததைக் கரையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அவர் மூன்று மாடியை ஏழே படியில் இறங்கினார் என்கிறார்கள் சிலர். வேனை நீர் விளிம்புவரை ஓட்டி, கூம்பைத் தீவுக்கு நேராகத் திருப்பி, பெருக்கியின் குமிழை, ஊர் நன்மையை முன்னிட்டு அதுவரை யாரும் போகாத எண் வரைக்கும் திருப்பினார் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. காற்றே இல்லாத காலை. ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

"நர்ஸம்மா," என்றது கூம்பு. "மருமக ஆபீஸுலேர்ந்து பேசறேன். உங்க கூம்பு நிக்குது. அதைப் படுக்க வைங்க. கால் வட்டம். பெட்டியைத் தொடாதீங்க. கூம்பை மட்டும் படுக்க வைங்க."

கொக்குகள் எழுந்து பறந்தன. ஏரி நடுவில் ஒரு மீன்காரர், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று பயந்து படகில் நிமிர்த்தி வைத்திருந்த கூடையைப் படுக்க வைத்தாராம். கரை மருத்துவமனையில் நடமாடிக்கொண்டிருந்த நோயாளிகள் மூன்று பேர் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்கள். சத்தம் தண்ணீரைக் கடக்க நாலு வினாடிக்கும் கொஞ்சம் மேலே. அந்த நேரத்தில் அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

தீவுக் கரையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு மேலும் கீழும் ஆடிற்று.

பத்து ஐம்பத்தொன்பதுக்கு மாடிப்படியில் ஒரு செருமல். பதினொன்றுக்குக் கடிகாரம் உள்ளே வந்தது. மருமகள் பெட்டியைத் திறந்தாள். உஸ் இல்லை.

"கேக்குது," என்றது நர்ஸம்மாவின் குரல், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல. "ரொம்ப நல்லாக் கேக்குது. அந்தப் பெரியவரைத் தயவுசெஞ்சு இன்னொரு தடவை பேச வேண்டாம்னு சொல்லுங்க. ரெண்டு குழந்தைங்களை இப்பத்தான் மறுபடி தூங்க வெச்சிருக்கேன்."

மேலதிகாரி பெட்டியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கம்பத்தை அண்ணாந்து பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "வரைபடத்துல கூம்பு நின்னுக்கிட்டு இருந்ததே? இது படுத்திருக்கே?"

மூச்சிரைக்க மேலே ஏறி வந்து நின்றிருந்த ஒலிபெருக்கிக்காரருடைய காது மடல் சிவந்தது. மருமகள் அவரை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோப்பு மேஜை இருந்தது, சுத்தியல் இருந்தது, வேனும் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணா இருந்தா போதும் சார்," என்றாள்.

போச்சு. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அது சரியான பதில், நல்ல மனதோடு சொன்ன பதில். ஆனால் சான்றிதழ் கிடைத்துவிட்டதே. அன்று சாயங்காலமே தையல் இயந்திரத்துக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேட்டியா? பொறியாளரே சொல்லிட்டா, அதுவும் மேலதிகாரி முன்னால. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா இருக்கணும்னு சொன்னா. ஒண்ணுன்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அவர்.

மனைவி குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு நிதானமாக ஏதோ பதில் சொன்னார். அதை இங்கே எழுதுவதற்கில்லை. மகன், ஏழு வருஷத்தில் முதல்முறையாக, "ஆமா" என்றான்; யாருடைய கட்சி என்று கேட்பதற்குள் போய்விட்டான்.

மருமகள் மறுவாரம் தீவுக்குப் போய்வந்தாள். கரைக் கூம்பை ரம்பத்தால் அறுத்து வரைபடப்படி நிறுத்தினால் என்ன என்று யாரோ யோசனை சொன்னபோது, இருக்கட்டும் என்றாள். இரண்டும் படுத்தபடியே பேசிக்கொண்டிருக்கின்றன. ஒலிபெருக்கிக்காரர் மட்டும், அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், வாக்கியம் முடியும்வரை வாயைக் கையால் பொத்திக்கொள்கிறார். மற்ற யாருக்கும் இந்தச் சலுகை கிடையாது.

சரி, அவரை விடுங்கள். உங்கள் சங்கதிக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "அட, அப்படியே நம்ம பெரியப்பா," "நம்ம மாடிவீட்டுக்காரர்தான், அச்சு அசல்" என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டீர்கள்? பக்கத்தில் இருப்பவரைக்கூட இடித்துக் காட்டியிருப்பீர்கள். நல்லது. இப்போது உங்கள் பெரியப்பாவுக்கும் இவருக்கும் இருக்கிற வித்தியாசம் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

வரவில்லையா? இரண்டு பேரும் ஒண்ணுதான் என்று தோன்றுகிறதா?

பயப்படாதீர்கள், இது ஆளைக் கொல்லாது. சுத்தியலை மட்டும் கீழே வைத்துவிட்டு, எதிரில் இருப்பவர் 'ஆனா' என்று ஆரம்பிக்கிறாரா என்று ஒரு நிமிஷம் காத்திருங்கள்.